ஒரு கோடியில் ஒருத்தி

ஜூன் 4

சுண்டெலிக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்பதைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல்.

ஒரு வாரமாகப் போனை எடுக்கவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய். போன் என்னிடம் இல்லை. விசாரணைக் குழு வாங்கி வைத்திருக்கிறது. விசாரணை என்மேல்தான். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்பாவின் போனில் பேசியிருக்கலாம். ஆனால் அவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

நடந்தது இதுதான். எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சமீப காலத்தில் நேர்ந்த சில சாவுகள் எதிர்பாராதவை என்று நிர்வாகத்துக்குச் சந்தேகம். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் கிளப்பிவிட்ட பேச்சு. அந்தந்த நேரத்தில் யார் டியூட்டியில் இருந்தார்கள் என்று பார்த்தார்களாம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் நான் இருந்திருக்கிறேன். இது தற்செயலாக நடக்கக்கூடியதா என்று உங்கள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். தற்செயலாக இப்படி நடக்க ஒரு கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று பதில் வந்தது. கையெழுத்துப் போட்டிருப்பவர் யார் தெரியுமா? உன் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர். எந்த எண்ணையும் முழுசாக்க மாட்டார் என்று நீங்கள் ஹாஸ்டலில் 'தசமம்' என்று கூப்பிடுவீர்களே, அவரேதான். என் விஷயத்தில் மட்டும் நன்றாக முழுசாக்கிவிட்டார்.

மேட்ரன் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நானாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்களாம், போலீஸ் வரை போகாதாம், வேறு ஊரில் வேலை தேடிக்கொள்ளலாமாம். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, பாவம். முடியாது என்றேன். நான் பார்த்துக்கொண்ட ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு சந்தேகத்தை விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகச் சொல்கிறார். எதற்குப் போக வேண்டும்?

அப்பாவிடம் சொன்னபோது டீ டம்ளரைக் கீழே வைத்தார். "என் பொண்ணு செய்ய மாட்டா" என்றார். மறுபடி டம்ளரை எடுத்துக்கொண்டார். அவருடைய விசாரணை அதோடு முடிந்துவிட்டது. இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிற யாராவது நம் ஜன்னல் பக்கம் திரும்பினால் பஸ் ஓட்டிய காலத்தில் ஹாரன் அடித்த மாதிரி தொண்டையைச் செருமுகிறார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் செய்யவில்லை என்று நீ நம்புகிறாயா?

அக்கா

---

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டல் படிக்கட்டில் நின்றபடியே படித்தேன். அப்படியே நூலகத்துக்குப் போய்விட்டேன், அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரையைப் பார்த்துக்கொள்.

எனக்கு உடனே சில விவரங்கள் வேண்டும். 'எதிர்பாராத சாவு' என்று பொறுக்கி எடுத்தது யார்? எடுக்கும்போது, அன்றைக்கு யார் டியூட்டி என்பது அவருக்குத் தெரியுமா? நீ இல்லாத நேரத்தில் நடந்த சாவுகளையும் இதே கண்ணோடு பார்த்தார்களா? உன் வார்டுக்கு எந்த மாதிரி நோயாளிகளைத் தருகிறார்கள்? எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் டியூட்டி விழுமா, அல்லது நீ மற்றவர்களைவிட அதிகமாகப் பார்க்கிறாயா?

பேராசிரியர் தப்பாகப் பெருக்குகிறவர் அல்ல. அதனால் அவர் போட்ட கணக்கில் தேடிப் பயனில்லை, அவர் கையில் கொடுத்த தகவலில்தான் தேட வேண்டும். இந்தப் பருவம் முழுக்க நிபந்தனை நிகழ்தகவுதான் படித்துக்கொண்டிருக்கிறோம். ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகு இன்னொன்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பாடமே. அதில் எதை முன்னால் வைக்கிறோம், எதைப் பின்னால் வைக்கிறோம் என்பதைத் தலைகீழாக மாற்றினால் விடை முழுக்க மாறிவிடும். இங்கேயும் அப்படி ஏதோ நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் எண்களைப் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை.

ஆத்திரத்தில் எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. விவரங்களைச் சீக்கிரம் அனுப்பு.

அன்புடன்,
சுண்டெலி

---

ஜூன் 14

புள்ளியியல் படிக்கும் என் தங்கைக்கு,

நான் கேட்டது ஒரு கேள்வி. நீ திருப்பிக் கேட்டது ஒரு கூடைக் கேள்வி. என் கேள்வி எங்கே போயிற்று என்று கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்திலாவது எழுதியிருப்பாயோ என்று. 'எண்களைப் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை.' குழுவில் இருப்பவர்களும் இதையேதான் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார்கள்.

உனக்கு எண்கள்தானே வேண்டும். அவர்கள் பொறுக்கி எடுத்தவர்களில் ஒருவர் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூச்சுவிடத் தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் பேச முடியாது. என்ன வேண்டும் என்று கேட்டால் என் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டுவார். தண்ணீர் வேண்டுமென்றால் குடம். மகனைப் பார்க்க வேண்டுமென்றால் மகன் போடுகிற மூக்குக் கண்ணாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதையோ வரைந்தார், எனக்குப் புரியவில்லை. மறுபடி வரையுங்கள் என்றேன். சிரித்தார். ஒரு மணி நேரத்தில் போய்விட்டார். அது என்ன படம் என்று இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் பேராசிரியருக்கு அவர் ஒரு எண்.

வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் தினமும் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. வெளியூர் போகக் கூடாது. சாதாரண உடையில் பின்வாசல் வழியாக வந்துவிட்டுப் போ என்று மேட்ரன் சொல்லியனுப்பினார். நான் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகவே போகிறேன். வாட்ச்மேன் முதல் நாள் தரையைப் பார்த்துக்கொண்டார். இப்போது எழுந்து நின்று வணக்கம் வைக்கிறார்.

நீ கேட்ட விவரங்களைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் இருக்கிறது, புத்தியும் இருக்கிறது. சனி, ஞாயிறு டியூட்டி பெரும்பாலும் எனக்குத்தான் விழும். மற்றவர்களுக்குச் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், எனக்கு இல்லை. ரொம்ப மோசமான நிலையில் வருகிறவர்களை நான் பார்க்கிற படுக்கையில்தான் போடச் சொல்வார்கள், கை பழகியவள் என்று. பெருமையாகத்தான் இருந்தது இதுவரைக்கும்.

அக்கா

---

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டிவிட்டாய். சரி. ஆனால் நானும் சொல்கிறேன், கேட்டுக்கொள். நம்புகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கு உனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். குழு என் நம்பிக்கையைக் கேட்கப் போவதில்லை. தங்கை வேறு எப்படிச் சொல்வாள் என்று தள்ளிவிடுவார்கள். அப்பா சொல்கிறார், அது போதும். நான் அதற்கு மேல் ஏதாவது செய்ய வேண்டும்.

நீ அனுப்பிய தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியரைப் பார்க்கப் போனேன். அவர் அறையில் உட்கார இடமிருக்காது, நாற்காலியெல்லாம் விடைத்தாள். நின்றுகொண்டே பேசினேன். மழை பெய்கிறபோதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் ஒரு குடைக்காரர் நிற்கிறார். மழைக்கும் அவருக்கும் இவ்வளவு பொருத்தம் தற்செயலாக வர வாய்ப்பே இல்லைதான். அதற்காக அவர்தான் மழையைக் கொண்டுவருகிறார் என்று யாராவது பிடித்து உள்ளே வைப்பார்களா என்று கேட்டேன். ரொம்பச் சீக்கான நோயாளிகள் இருக்கிற இடத்தில்தான் உன்னை நிறுத்துகிறார்கள் என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரி கொடுத்த எண்ணுக்கு ஆஸ்பத்திரி கேட்ட கணக்கைப் போட்டுக் கொடுத்தேன், எண் எங்கிருந்து வந்தது என்பது என் வேலை இல்லை என்றார். பிறகு, அந்த நர்ஸ் எனக்கு யார் என்று கேட்டார். அக்கா என்றேன். "அப்ப இதுல நீ பேசக் கூடாதும்மா. உன் கண்ணுக்கு சரியா தெரியாது" என்றார்.

அவர் முதல் வகுப்பில் சொன்னது ஞாபகம் வந்தது. கணக்கு யார் போடுகிறார்கள் என்று பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள் என்பார். அதையே அவரிடம் சொன்னேன். கதவைக் காட்டிவிட்டார்.

நான் இதை விடப்போவதில்லை.

சுண்டெலி

---

ஜூலை 1

சுண்டெலி,

இதை விட்டுவிடு.

கோபத்தில் சொல்லவில்லை. குடைக்காரர் கதையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் சிரித்தார், பிறகு அந்தக் குடைக்காரருக்கு யார் சாட்சி சொல்வார்கள் என்று கேட்டார். அவரைச் சிரிக்க வைத்ததற்காகவே உன்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. அதனால்தான் சொல்கிறேன்.

நேற்று ஓவிய ஆசிரியரின் மகன் வீட்டுக்கே வந்துவிட்டார். பேப்பரில் செய்தி வந்திருக்கிறது. பெயர் போடவில்லை, ஆனால் வார்டைப் போட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் என்ன வேண்டும். அப்பா அவரை வாசலிலேயே நிறுத்தப் பார்த்தார். நான்தான் உள்ளே வரச் சொன்னேன். நின்றபடியே, "எங்கப்பாவை நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். கத்தவில்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது. உட்காரச் சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து நடந்த ஒவ்வொன்றையும் சொன்னேன். என்ன மருந்து, எதற்கு, எப்போது டாக்டரைக் கூப்பிட்டேன், அவர் வர எவ்வளவு தாமதமாயிற்று, எல்லாவற்றையும். உள்ளங்கையில் வரைவாரே, அதையும் சொன்னேன். அவருக்குத் தெரியாதாம். போகும்போது என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

மேட்ரன் மறுபடி ஆளனுப்பினார். ராஜினாமாவை அவர்களே டைப் அடித்து வைத்திருக்கிறார்கள், நான் கையெழுத்துப் போட்டால் போதும். 'மனமுவந்து' என்று ஒரு வார்த்தை இருந்தது. அதைக் கிழித்து அவர்கள் மேஜைமேலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நான் நிற்பேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே. ஆனால் நீ அவர் கையில்தான் ஆய்வை முடித்தாக வேண்டும். இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை. நான் விழுந்தால் ஒருத்தி. உன்னையும் இழுத்துக்கொண்டு விழ என்னால் முடியாது. போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு உன் படிப்பைப் பார். இது அக்கா சொல்கிற வார்த்தை.

அக்கா

---

ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொல்லி நான் கேட்காத முதல் விஷயம் இதுவாக இருக்கட்டும். (இரண்டாவது என்று சொல்வாய். வங்கித் தேர்வு எழுதச் சொன்னாய், நான் புள்ளியியலுக்கு வந்தேன்.)

மன்னிப்புக் கேட்கவில்லை. வழிகாட்டியை மாற்றச் சொல்லித் துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாதிரிக் கணக்கெடுப்புப் பாடம் நடத்தும் மேடம் என்னை எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரு வருஷம் கூடும். கூடட்டும். ஹாஸ்டலில் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். என் அறைத்தோழி மட்டும் எதுவும் சொல்லாமல் தன் மேஜையில் பாதியை எனக்குக் காலி செய்து கொடுத்தாள்.

இப்போது கவனமாகப் படி. விசாரணைக்கு உள்ளானவர் தன் சார்பில் ஒருவரை நியமித்தால், அவர் நிபுணரைக் கேள்வி கேட்கலாம் என்று உங்கள் விதியிலேயே இருக்கிறது. மேடம் தேடி எடுத்துக் கொடுத்தார். குழு இந்த மாதம் பேராசிரியரைப் பார்க்க இங்கே வருகிறது. என்னை நியமித்து நீ கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

நான் அவர்களிடம் கேட்கப் போவது இதுதான். உங்கள் வார்டில் இந்தக் காலத்தில் நடந்த எல்லாச் சாவுகளையும் எடுக்கட்டும், ஒன்று விடாமல். யார் டியூட்டி, என்ன கிழமை என்பதையெல்லாம் மறைத்துவிட்டு வேறு ஆஸ்பத்திரி டாக்டர்கள் இரண்டு பேரிடம் கொடுக்கட்டும். எது சந்தேகத்துக்குரியது என்று அவர்கள் குறிக்கட்டும். அதற்குப் பிறகு பெயர்களைத் திறந்து பார்க்கட்டும். உன் பெயரைத் தெரிந்துகொண்டு சாவைத் தேடினால் எங்கும் நீதான் தெரிவாய். சாவை மட்டும் பார்த்தால் என்ன தெரிகிறது என்று பார்ப்போம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்படிச் செய்தால் முடிவு நம் கையில் இல்லை. எதிராக வந்தால் பிறகு யாரும் எதுவும் பேச முடியாது. எதிராக வந்தாலும் நான் அதை மறைக்க மாட்டேன், முறை தப்பு என்று சொல்ல மாட்டேன். இது தெரிந்துதான் நீ கையெழுத்துப் போட வேண்டும்.

சுண்டெலி

---

ஜூலை 12

நியமனக் கடிதம் உள்ளே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

'எதிராக வந்தால்' என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். என் கை இந்த வார்டில் என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். அதனால் எனக்குப் பயமில்லை. பெயரை மறைத்துப் பார்க்கட்டும், வெளிச்சம் போட்டுப் பார்க்கட்டும். ஆனால் உனக்கு அது தெரியாது போலிருக்கிறது. அதனால்தான் உன்னால் 'எதிராக வந்தால்' என்று எழுத முடிந்தது.

செய்ய வேண்டியதைச் செய். முடிவு தெரிகிற வரைக்கும் எனக்குக் கடிதம் வேண்டாம்.

அக்கா

---

ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய். ஆனால் நான் உன் சார்பில் நியமிக்கப்பட்டவள். நடந்ததைத் தெரிவிப்பது என் கடமை. அப்படி நினைத்துக்கொண்டு படி.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி, மற்ற இரண்டு பேரும் டாக்டர்கள். எங்கள் துறைக் கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் எதிரே. நான் எழுந்து, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அந்த நர்ஸின் தங்கை என்றேன். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அப்படியானால் உன் கணக்கை நாங்கள் ஏன் நம்ப வேண்டும் என்றார்.

"நம்ப வேண்டாம் ஐயா. நான் கணக்கே கொண்டு வரலை. கேள்விதான் கொண்டு வந்திருக்கேன்" என்றேன்.

பேராசிரியரிடம் மூன்று கேள்வி கேட்டேன். ஒரு கோடியில் ஒன்று என்றால் அந்த நர்ஸ் குற்றமற்றவராக இருக்க ஒரு கோடியில் ஒரு வாய்ப்பு என்று அர்த்தமா என்று கேட்டேன். இல்லை, அப்படி நான் எழுதவே இல்லை என்றார். உண்மைதான், அவர் எழுதவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி அப்படித்தான் படித்திருக்கிறது, பேப்பரிலும் அப்படித்தான் வந்தது. எல்லா நர்ஸுக்கும் ஒரே மாதிரி நோயாளிகள்தான் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டுதானே கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்றார். டாக்டர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். ஒரே மாதிரி வருவதில்லை என்று எந்த டாக்டருக்கும் தெரியும்.

மூன்றாவதாக, "சார், இந்தச் சாவுகளைப் பொறுக்கி எடுத்தது யாரு?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாது" என்றார். "கேட்டிருக்கணும். கேட்கலை."

நீதிபதி எழுதிக்கொண்டார். பிறகு பெயரை மறைத்துப் பார்க்கும் யோசனையைச் சொன்னேன். நீங்கள் யாரையும் நம்பத் தேவையில்லாத ஒரு வழி இது, என்னையும் சேர்த்து என்றேன். ஏற்றுக்கொண்டார்கள். எல்லாச் சாவுகளையும் எடுக்க உத்தரவு போயிருக்கிறது.

வெளியே வந்தபோது பேராசிரியர் தாழ்வாரத்தில் என்னைக் கடந்து போனார். நின்றார். "மூணாவது கேள்வியை முதல்ல கேட்டிருக்கணும். மத்த ரெண்டும் தேவைப்பட்டிருக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்னும் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயத்தில் இல்லை. கோபத்தில்.

சுண்டெலி

---

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. அப்பாவின் போனில் கூப்பிட்டால், நீ கடைக்குப் போயிருக்கிறாய் என்கிறார். அவ்வளவு சாமான் நம் வீட்டில் வைக்க இடமில்லை.

வெளி டாக்டர்கள் வேலையை முடித்துவிட்டார்களாம். அறிக்கை அடுத்த வாரம் குழுவுக்கு வருகிறது என்று மேடம் சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் பாடத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. தகவல் வருவதற்கு முன்னால் நீ என்ன நினைத்தாய் என்பதை முதலில் எழுதி வைத்துவிட வேண்டும். அதற்கு முன்நிகழ்தகவு என்று பெயர். வந்த பிறகு, நான் அப்போதே நினைத்தேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்கு மதிப்பே கிடையாது. இதை நான் ஜூன் மாதமே எழுதியிருக்க வேண்டும். எழுதத் தெரியவில்லை.

நீ செய்யவில்லை. நான் நம்புகிறேன். அதற்கு எந்தக் கணக்கும் என்னிடம் இல்லை. அம்மா இறந்த வருஷம் எனக்கு டைபாய்டு வந்தபோது நீ எப்படி நெற்றியில் துணி போட்டாய் என்று தெரியும், அவ்வளவுதான். இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் பெயரை மறைத்துப் பார்க்கச் சொல்லும் தைரியம் எனக்கு வந்திருக்காது. சந்தேகம் இருக்கிறவள் மூடி வைக்கத்தான் வழி தேடுவாள். நான் எல்லாக் கதவையும் திறக்கச் சொன்னேன்.

'எதிராக வந்தால்' என்று எழுதியது உனக்கு வலித்திருக்கிறது. ஆனால் அதைத் திரும்ப வாங்க மாட்டேன். நாளைக்கு வேறு யாரோ ஒரு நர்ஸ், அவளுக்குத் தங்கை இல்லை, அப்பா இல்லை என்றாலும் இதே முறை அவளைக் காப்பாற்ற வேண்டும். அக்காவுக்காக மட்டும் சரியாக வருகிற கணக்கு எனக்கு வேண்டாம். இதற்கும் நீ கோபப்பட்டால் பட்டுக்கொள்.

தேதியை மேலே பெரிதாக எழுதியிருக்கிறேன். பார்த்துக்கொள்.

உன் தங்கை

---

செப்டம்பர் 9

சுண்டெலிக்கு,

அறிக்கை வந்ததும் மேடம் உனக்குச் சொல்லியிருப்பார். இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும். வெளி டாக்டர்கள் கேள்விக்குரியவை என்று குறித்தவை சிலதான். அவை எல்லோருடைய டியூட்டியிலும் சிதறிக் கிடக்கின்றன, என்னுடையதிலும் என் பங்குக்கு. அவர்கள் குறித்ததில் ஒன்று, நான் லீவில் இருந்த வாரத்தில் நடந்தது. அதைப் பற்றி இதுவரை யாரும் வாயைத் திறந்ததில்லை. ஓவிய ஆசிரியரின் சாவு இயற்கையானது, கவனிப்பில் குறையில்லை, டாக்டர் வரத் தாமதமானது என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அவர் மகனுக்குக் கொடுக்க அனுமதி கேட்டிருக்கிறேன். கொடுக்காவிட்டால் வாயால் சொல்லிவிட்டு வருவேன்.

என்னைத் திரும்ப எடுத்துக்கொண்ட உத்தரவை மேட்ரன் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். வாங்க மாட்டேன் என்றேன். நிறுத்தி வைத்த உத்தரவை எல்லோரும் பார்க்க நோட்டீஸ் போர்டில் ஒட்டினீர்கள், இதையும் அங்கேயே ஒட்டுங்கள், நான் போய்ப் படித்துக்கொள்கிறேன் என்றேன். ஒட்டினார்கள். மன அமைதிக்காக வெளிநோயாளிகள் பிரிவுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். என் மனம் அமைதியாகத்தான் இருக்கிறது, அதே வார்டு கொடுங்கள், அதே சனி ஞாயிறு கொடுங்கள் என்றேன். புது டாக்டர் என்னைப் பார்த்தால் மாடிப்படிப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

உன் கடிதம் முடிவு தெரிந்த மறுநாள்தான் கைக்கு வந்தது. பிரித்துப் படித்ததும், ஜெயித்த பிறகு என்ன நம்பிக்கை வேண்டிக்கிடக்கிறது என்று தூக்கி மேஜைமேல் போட்டுவிட்டேன். அப்பாதான் கவரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அஞ்சல் முத்திரையைப் பார்த்தார். "இது போன வாரமே கிளம்பியிருக்கு" என்றார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

சுண்டெலி, எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சமிருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஜூன் மாதத்தில் எனக்கு அந்த ஒரு வரி வேண்டியிருந்தது. உன் காரணமெல்லாம் புரிகிறது, சரி என்றும் தெரிகிறது. சரியாக இருப்பதாலேயே இன்னும் கோபம் வருகிறது. அது தானாகப் போகும், விட்டுவிடு.

நேற்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வார்டில் முதல் நாள். வயதான ஒரு அம்மா, நிலைமை மோசம், நான் பார்க்கிற படுக்கைக்கே கொண்டு வந்து போட்டார்கள். பக்கத்தில் மகள். உன் வயதுதான் இருக்கும். என் சட்டையிலிருந்த பெயரைப் படித்தாள், முகம் மாறிவிட்டது. என்னைத் திரும்ப எடுத்துக்கொண்ட செய்தியில் பேப்பர்காரர்கள் பெயரையும் போட்டுவிட்டார்கள்.

"பேப்பர்ல வந்தது நீங்கதானா?" என்றாள்.

"ஆமா, நான்தான்" என்றேன். "உங்க அம்மாவுக்கு இப்ப மருந்து ஏத்தணும். நீங்க வெளிய போக வேண்டாம். இங்கயே நின்னு பாருங்க."

மருந்தின் பெயரை அவளுக்குப் படித்துக் காட்டினேன், அளவைச் சொன்னேன், எதற்கென்று சொன்னேன். சாயந்திரம் வரைக்கும் அவள் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை. டியூட்டி முடிந்து நான் கிளம்பும்போது, "நாளைக்கும் நீங்களே வருவீங்களா?" என்று கேட்டாள். எந்த அர்த்தத்தில் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது.

வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதோ, கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வா. ஒரு வருஷம் கூடினால் என்ன, படித்து முடி.

உன் அக்கா